கொல்கத்தாவில் ஒரே ஒரு பகல்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

நீங்கள் கேட்டது இது: டிசம்பர் கடைசி வாரத்தில், விடியற்காலை ஹவுராவில் ரயிலிலிருந்து இறங்குகிறீர்கள். அன்றிரவு பத்து மணிக்கு மேல் சியால்டாவிலிருந்து டார்ஜிலிங் மெயில். நீங்கள், உங்கள் மனைவி, கூடவே எழுபதை நெருங்கும் உங்கள் அம்மா. அம்மாவுக்கு மூட்டு வலி. நடுவில் கிடைக்கும் ஒரு பகலில் ஊரைச் சுற்ற வேண்டும், ஆனால் ஓடக் கூடாது. பதினான்கு இடங்களின் பட்டியலையும் கொடுத்து, எந்த வரிசையில் போனால் எல்லாம் முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வரிசையில் போனாலும் முடியாது. உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, எதையெல்லாம் விட்டால் ஊருக்குத் திரும்பியபின் மனசு அடித்துக்கொள்ளாது என்பதுதான். அதற்குத்தான் இந்தப் பதில்.

வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவில் வெகுகாலம் குடியிருந்தவன் நான். காசிக்கும் டார்ஜிலிங்குக்கும் போகிற வழியில் உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்குவார்கள். அவர்களைச் சுற்றிக் காட்டுகிற பொறுப்பு என் தலையில் விழும். பெரும்பாலும் வயதானவர்கள், எனவே முழங்கால் பிடித்தவர்களோடு அந்த ஊரில் எப்படிப் போவது என்பது எனக்கு நன்றாகப் பழகிய விஷயம். நான் வரலாறு படித்தவனும் இல்லை, உரிமம் வாங்கிய வழிகாட்டியும் இல்லை. கட்டணம், முதல் வண்டி, கடைசி வண்டி போன்றவை மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்கத்தா ஹூக்ளியின் கிழக்குக் கரையில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். உங்கள் பட்டியலில் வடகோடியில் தட்சிணேஸ்வரம், தெற்கே காளிகாட், கிழக்கே சயின்ஸ் சிட்டி. இதை ஒரு நாளில் பார்த்தால் டாக்சியின் ஜன்னலைத்தான் பார்த்திருப்பீர்கள். ஆற்றையே பிடித்துக்கொண்டு, அதிகபட்சம் நான்கு இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிருகக்காட்சி சாலை, விக்டோரியா மெமோரியல் இரண்டையும் முதலில் அடித்துவிடுங்கள். விக்டோரியா அழகான கட்டடம், மறுக்கவில்லை; மக்ரானா சலவைக்கல், 1921இல் திறந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி முதல் தேதி வரை வங்காளமே சோற்று மூட்டையோடு அங்கேதான் இருக்கும். போகிற வழியில் வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

முதல் வேலை பெட்டிகளைத் தொலைப்பது. எல்லோரும் இறங்கிய இடத்திலேயே, அதாவது ஹவுரா கிளோக் ரூமில், பெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு ஹவுரா பாலத்தையும் படாபஜார் நெரிசலையும் தாண்டி சியால்டா போவது பெரும்பாடு. விடியற்காலையில் அதே சாலை காலியாகக் கிடக்கும். அதனால் ஹவுராவில் ப்ரீபெய்ட் கவுன்டரில் டாக்சி எடுத்து, நேராக சியால்டா போய் அங்கே வையுங்கள். பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும், டிக்கெட்டும் காட்ட வேண்டும். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். அங்கேயே வெயிட்டிங் ரூமில் முகம் கழுவி, உடை மாற்றி, அம்மாவை அரைமணி நேரம் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். டிசம்பர் காலையில் ஆற்றங்கரையில் நம் ஊர்க்காரர்களுக்குக் குளிரத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம், தமிழ்நாட்டிலிருந்து வருகிற யாருக்கும் முன்கூட்டித் தோன்றாதது. கொல்கத்தா நமக்கு நன்றாகக் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். டிசம்பர் கடைசியில் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். சென்னையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால். 'ஆறு மணிக்கு ஆற்றங்கரை' என்று திட்டம் போட்டால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். மற்ற எல்லாவற்றையும் இதற்கு ஏற்ப ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள்.

சியால்டாவிலிருந்து டாக்சியில் முல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். படித்துறையை அங்கே காட் என்பார்கள். ஹவுரா பாலத்தின் கிழக்கு முனைக்கு அடியில், ஆற்றுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு இருக்கிற மொத்தச் சந்தை. மஞ்சளும் ஆரஞ்சுமாகச் செண்டுமல்லி மாலைகளைப் பாம்புச் சுருள் மாதிரிக் கட்டி, ஆட்கள் தோளிலும் தலையிலும் போட்டுக்கொண்டு வருவார்கள். நம் கோயம்பேட்டில் மல்லிகைக்கு இருக்கிற இடம் அங்கே செண்டுமல்லிக்கு. காளிக்குச் செம்பருத்தி வேண்டும் என்பதால் மொட்டாகவே ஆயிரக்கணக்கில் கட்டி விற்பார்கள், அம்மா அதை ரசிப்பார். ஆனால் உள்ளே தரை முழுக்க நசுங்கிய பூவும் சேறும். மூட்டைக்காரர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள், பின்னாலிருந்து கத்துவார்கள், நாம்தான் ஒதுங்க வேண்டும். ஆகவே அம்மாவோடு ஒருவர் சந்தையின் ஓரத்திலேயே மண்குவளை டீயோடு நில்லுங்கள்; மற்றவர் உள்ளே போய்விட்டு வரட்டும். பிறகு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் போதும்.

தலைக்கு மேலே இருக்கும் பாலத்தை அங்கிருந்து அண்ணாந்து பார்ப்பதுதான் சரியான பார்வை. 1943இல் போக்குவரத்துக்குத் திறந்தது. மொத்தம் 26,500 டன் எஃகு, அதில் 23,000 டன் டாடா ஆலையில் உருக்கியது; போல்ட் நட் கிடையாது, எல்லாம் ரிவெட். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை என்பதை அம்மாவுக்குக் காட்டுங்கள். அதிகாரப்பூர்வப் பெயர் ரவீந்திர சேது. அந்தப் பெயரைச் சொல்லி டாக்சிக்காரரிடம் கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்.

அப்புறம் லாஞ்ச், அதாவது ஆற்றில் ஓடும் பயணிகள் படகு. பக்கத்தில் ஆர்மேனியன் காட், சற்றுத் தெற்கே ஃபேர்லி. எது ஓடுகிறதோ அதில் ஏறி ஹவுரா துறைக்குப் போய், அங்கிருந்து வடக்கே ஷோபாபஜார், பாக்பஜார் பக்கம் போகும் லாஞ்சைப் பிடியுங்கள். டிக்கெட் சில்லறைக் காசுதான், சுற்றுலாப் படகு எதுவும் இதற்கு ஈடில்லை. அம்மாவுக்காக ஒன்று கவனிக்க வேண்டும். கடலின் ஏற்ற இறக்கம் கொல்கத்தாவைத் தாண்டியும் ஆற்றில் ஏறும். படகு நிற்கும் மேடை மிதவை. கரையிலிருந்து அதற்கு ஒரு இரும்புப் பாலம். நீர் ஏறியிருக்கும்போது அது சமதளமாக இருக்கும். நீர் வடிந்திருக்கும்போது அதே பாலம் செங்குத்தாகச் சரிந்துவிடும், மூட்டு வலிக்கு அது ஆகாது. சரிவு அதிகமாக இருந்தால் லாஞ்சை விட்டுவிட்டு டாக்சியில் வடக்கே போய்விடுங்கள், தப்பில்லை. பனிமூட்டம் பலமாக இருந்தாலும் லாஞ்சை நிறுத்திவைப்பார்கள்.

லாஞ்சில் கிழக்குக் கரையைப் பார்த்தபடி, வலது பக்கம் நில்லுங்கள். பழைய கிடங்குகள், குளிக்கிறவர்கள், அப்புறம் நிம்தலா சுடுகாட்டின் புகை. ரவீந்திரநாத் தாகூரை 1941இல் தகனம் செய்தது அங்கேதான். அதைத் தாண்டிவரும் கரைதான் பழைய சுதானுட்டி. 1690 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக் இங்கே வந்திறங்கினார் என்பது உறுதி. அவர்தான் ஊரை நிறுவினார் என்று நாம் பள்ளியில் படித்தது உறுதியில்லை. அவரை நிறுவனர் என்று சொல்ல முடியாது, ஊருக்குப் பிறந்தநாள் என்று ஒன்றும் கிடையாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றமே 2003இல் சொல்லிவிட்டது. சுதானுட்டி, கோவிந்தபூர், கலிகாதா என்ற கிராமங்கள் அதற்கு முன்பே இருந்தன.

இறங்கிக் கொஞ்சம் நடந்தால் குமார்துலி. சாமி பொம்மை செய்கிற குயவர்களின் பேட்டை, சமதளம்தான், அம்மாவால் மெதுவாக நடக்க முடியும். துர்கா சிலைகளை எதிர்பார்க்காதீர்கள், அது ஆடி ஆவணிக் காட்சி. டிசம்பரில் வரிசையாகச் சரஸ்வதி இருப்பாள், ஏனென்றால் அவளுக்கான பூஜை ஜனவரி பிப்ரவரியில் வருகிறது. மூங்கில் சட்டம், அதன்மேல் கயிற்றால் இறுக்கிய வைக்கோல் உடம்பு, அதன்மேல் பிசுபிசுத்த களிமண், காய்ந்து வெடித்தபின் நைசான மண்ணைத் துணியில் தோய்த்து ஒட்டி வழுவழுப்பாக்குவது, பிறகு வெள்ளைப் பூச்சு, நிறம், கடைசியில் கண். ஒரே சந்தில் எல்லா நிலையிலும் சிலைகள் நிற்பதால், யாரும் விளக்காமலே செய்முறை புரிந்துவிடும். விரல்களைத் தனியாகச் செய்து காயவைத்திருப்பார்கள், தட்டில் அடுக்கிய முறுக்குக் கம்பிகள் மாதிரி, அதைத் தேடிப் பாருங்கள். அது அவர்களுடைய வேலைக் கூடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

சுற்றுவட்டாரத்தில் காலைச் சாப்பாடு கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும், சில கடைகளில் கடலைப்பருப்பு. எண்ணெய் பிடிக்காதவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இனிப்புக் கடையில் ரசகுல்லாவைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது 'நொலேன் குர்' சந்தேஷ். குளிர்காலத்தில் மட்டும் இறக்குகிற ஈச்சம்பதநீர் வெல்லம் போட்டது. நீங்கள் சரியான மாதத்தில் வருகிறீர்கள். நம் பனங்கருப்பட்டி தெரிந்த நாக்குக்கு அந்தப் புகை வாசம் அந்நியமாக இருக்காது. ரசகுல்லாவைக் கண்டுபிடித்தது யார் என்று அங்கே யாரிடமும் ஆரம்பிக்காதீர்கள். பாக்பஜாரின் நொபின் சந்திர தாஸ் 1868இல் செய்தார் என்பது வங்காளத்தின் கணக்கு, பூரி ஜெகந்நாதருக்கு அதற்கு முன்பே படைத்தோம் என்பது ஒடியாக்காரர்களின் கணக்கு. 2017இல் வங்காளத்துக்கும் 2019இல் ஒடிசாவுக்கும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கொடுத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

இதற்குள் பதினொரு மணி ஆகியிருக்கும். ஷோபாபஜாரில் மெட்ரோ ஏறி பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்குங்கள், இந்தியன் மியூசியத்துக்கு. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் உங்கள் நாள் என்ன கிழமை என்று பாருங்கள். 1814இல் தொடங்கியது, பிரமாண்டம். முழுக்கப் பார்க்கப் புறப்பட்டால் அம்மா மட்டுமில்லை, நீங்களும் படுத்துவிடுவீர்கள். கீழ்த்தளத்தில் பார்ஹுத் கூடத்துக்கு மட்டும் போனால் போதும் என்பது என் கட்சி. மத்திய இந்தியாவில் பார்ஹுத் என்ற ஊரில் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் 1873இல் கண்டெடுத்த பௌத்தத் தூபியின் சுற்றுவேலி, சிவப்பு மணற்கல், பொதுவாகக் கிமு இரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். அதில் வட்டமான ஒரு சிற்பத்தைத் தேடுங்கள். ஒரு மாட்டுவண்டி, மாடுகளை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சதுரச் சதுரமாக எதையோ தளம் பாவுவதுபோல அடுக்குகிறார்கள். அது காசு. ஜேதவனம் என்ற தோப்பைப் புத்தருக்காக வாங்க அனாதபிண்டிகர் என்ற வணிகர் தரை முழுக்கப் பொற்காசு பரப்பிய கதை. கீழே பிராமி என்ற பழங்கால எழுத்தில் அதையே எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் தேவைப்படும்.

மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பகுதியில் பஞ்சமில்லை. அம்மா சைவம் என்றால் வட இந்தியச் சைவ உணவகங்கள் தாராளமாக உண்டு. வங்காளிச் சாப்பாட்டில் கடுகெண்ணெய் வாசனை முதல் தடவை பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. உங்களுக்குப் பிரியாணி வேண்டுமென்றால் உள்ளே ஓர் உருளைக்கிழங்கு இருக்கும், பயப்படாதீர்கள். 1856இல் அரசிழந்து இங்கே வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் சமையலறையில் கறிக்குப் பணமில்லாமல் உருளை போட்டார்கள் என்று சொல்வார்கள். நவாப் வந்தது வரலாறு, பணமில்லை என்பது கதை. அந்தக் காலத்தில் உருளை அவ்வளவு மலிவும் இல்லை என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள். நியூ மார்க்கெட்டில் இருக்கும், 1902இல் தொடங்கிய யூத பேக்கரியான நஹூம்ஸில் கேக் வாங்க ஆசைப்பட்டால், கிறிஸ்துமஸ் வாரத்தில் வரிசை தெருவரை நிற்கும். நானாக இருந்தால் நிற்க மாட்டேன்.

புத்தகப் பைத்தியம் என்றால் மியூசியத்தை விட்டுவிட்டு காலேஜ் ஸ்ட்ரீட்டும் காபி ஹவுஸும் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், காபி ஹவுஸுக்கு மாடி ஏற வேண்டும். அங்கே காபியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், பேச்சைக் கேட்கப் போங்கள்.

மூன்றரைக்குள் கிளம்பி பிரின்செப் காட் வந்துவிடுங்கள். இந்த நாளில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. வெள்ளைத் தூண்களோடு கிரேக்கக் கோயில் மாதிரி ஒரு மண்டபம், பின்னால் 1992இல் திறந்த வித்யாசாகர் சேது, கம்பிகளால் தொங்கும் பாலம். கரையோரம் நடைபாதையும் உட்கார இடமும் உண்டு. நாம் நிற்பது கிழக்குக் கரை என்பதால் சூரியன் ஆற்றுக்கு மேலேயே ஹவுரா பக்கம் இறங்கும்.

படம் எடுக்க வருகிற கூட்டத்தில் அந்த ஜேம்ஸ் பிரின்செப் யார் என்று கேட்பவர் குறைவு. கல்கத்தா நாணயசாலையில் உலோகம் சோதிக்கிற அதிகாரி. அசோகர் கல்வெட்டுகளை அதுவரை யாராலும் படிக்க முடியவில்லை. சாஞ்சித் தூபியின் வேலியிலிருந்து படியெடுத்த சின்னச் சின்ன வரிகள் எல்லாம் ஒரே எழுத்துக்களில் முடிவதை 1837இல் அவர் கவனித்தார். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று இன்னார் பெயர் எழுதியிருப்போமே, அதுபோல இவையும் கொடையாளிகளின் பெயராக இருக்க வேண்டும், கடைசிச் சொல் 'தானம்' என்று ஊகித்தார். அந்த இரண்டு மூன்று எழுத்திலிருந்து முழு பிராமியும் திறந்தது. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரர் பெயர் இருப்பது நமக்குத் தெரியவந்தது அதனால்தான். கீழடிப் பானையோடுகளில் இருக்கும் தமிழ்ப் பிராமி எழுத்தைப் படிப்பதற்கும் மூல ஏணி அதுதான். மனிதர் 1840இல், நாற்பது வயதில் இறந்துபோனார். மதியம் பார்த்த பார்ஹுத் எழுத்தை உங்கள் அம்மாவிடம் இங்கே உட்கார்ந்து சொல்லுங்கள்.

துடுப்புப் படகுக்காரர்கள் வந்து கூப்பிடுவார்கள். அரைமணி நேரத்துக்கு இவ்வளவு, படகுக்கா ஆளுக்கா என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். நீர் வடிந்திருந்தால் சேற்றுப் படியில் இறங்கிப் பலகையில் நடந்து ஏற வேண்டியிருக்கும், அம்மா கரையில் இருக்கட்டும்.

இருட்டியதும் பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்கு அது வேண்டாம். அந்த வாரத்தில் அங்கே கூட்டம் நெரியும், வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். நேராக எஸ்பிளனேடு போய் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறுங்கள். ஆற்றுக்கு அடியில் போகும் பகுதி 2024 மார்ச்சில் திறந்தது. சியால்டாவரை இணைந்தது 2025 ஆகஸ்டில். முதலில் ஹவுரா பக்கம் போய், அதே வழியில் திரும்பி சியால்டாவில் இறங்குங்கள். ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர், முக்கால் நிமிடம். நீல விளக்கு போட்டிருப்பதால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். காலையில் லாஞ்சில் கடந்த அதே ஆறு. இதற்குப் பெட்டி இல்லாமல் இருப்பது எவ்வளவு வசதி என்று அப்போது புரியும்.

அம்மா காளியைப் பார்க்காமல் வர மாட்டேன் என்றால் திட்டத்தை மாற்றத்தான் வேண்டும், அதில் வாதாடாதீர்கள். பூச்சந்தை, குமார்துலி இரண்டையும் விட்டுவிட்டுக் காலையிலேயே தட்சிணேஸ்வரம் போங்கள், மெட்ரோ அங்கேயே போகிறது. ராணி ராசமணி 1855இல் கட்டிய கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காளிகாட் பழமையானது, ஆனால் நெருக்கடியும் பாண்டாக்கள் என்ற கோயில் பூசாரிகளின் பிடுங்கலும் அதிகம். அதற்கு ஒரே ஒரு சாதகம், காளிகாட் மெட்ரோவில் இறங்கினால் பக்கத்திலேயே லேக் மார்க்கெட், பழைய தமிழர் குடியிருப்பு வட்டாரம். இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும்.

டிராம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆசியாவில் இன்றும் இருக்கும் மிகப் பழைய டிராம்களில் ஒன்று, மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது 1902இல். மைதானப் பகுதியில் ஒரு சிறு தடத்தைத் தவிர மற்றதை நிறுத்தப் போவதாக மாநில அரசு 2024இல் அறிவித்தது, விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. எஸ்பிளனேடில் ஒன்று நின்றால் ஏறிக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

உங்கள் ரயிலே தாமதமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு வந்தால் பூச்சந்தையை வெட்டுங்கள். பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டால் குமார்துலியையும் வெட்டிவிட்டு, பெட்டியை வைத்ததும் நேரே மியூசியம், அங்கிருந்து பிரின்செப் காட். மதியம் இரண்டு மணிக்குமேல் வந்திறங்கினால் மியூசியமும் வேண்டாம். சாலையில் அப்போது கூட்டம் இருக்கும், இருந்தாலும் ஒரு டாக்சியைப் பேசி, பெட்டிகளோடு பிரின்செப் காட் போய் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு, அதே டாக்சியில் சியால்டா போங்கள்.